சம்மதம்: கடலூர், புதுச்சேரி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரிகள், விடுதிகள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் உடல்நலம் பற்றிப் பேசுகிறேன். பேசி முடித்து, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றால் அரங்கமே மின்விசிறியைப் பார்க்கும். அதனால் பழைய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியைக் கத்தியால் கீறி, வாசலருகே வைத்துவிடுவேன். வெளியே போகும்போது சீட்டு எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். முகப்பரு, முடி உதிர்தல், மாதவிடாய் வலி எல்லாம் வரும். ஆனால் பாதிச் சீட்டுகள் உடல் நெருக்கத்துக்கான சம்மதத்தைச் சுற்றித்தான்.

ஒரே பதிலை எத்தனை ஊரில் சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் சீட்டில் வந்தவைதான். எழுத்துப் பிழையையும் பேச்சு வழக்கையும் மட்டும் திருத்தியிருக்கிறேன். சட்டம் வரும் இடங்களை வழக்கறிஞரான என் தங்கை பார்த்துக் கொடுத்தாள்.

சம்மதம் என்றால் என்ன? "சரி" என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. சம்மதம் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தரும் ஒப்புதல். வாயால் சொல்லலாம், சைகையால் தெரிவிக்கலாம். ஆனால் அது குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு மட்டும்தான். இந்தக் கடைசித் துண்டை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளச் சரி என்றவர் முத்தத்துக்கும் சேர்த்துச் சரி சொல்லிவிடவில்லை.

நம் வீடுகளில் இந்தச் சொல்லைப் பிள்ளைகள் எங்கே கேட்டு வளர்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். கூடத்தில் பதினைந்து பேர். காபித் தட்டோடு நிற்கும் பெண்ணிடம் பெரியப்பா, "என்னம்மா, சம்மதம்தானே?" என்கிறார். தலை இரண்டு அங்குலம் அசைகிறது. உடனே தாம்பூலம். அந்தப் பெண் "இல்லை" என்று சொல்ல நினைத்திருந்தால் அந்தக் கூடத்தில் அதற்கு இடம் இருந்ததா? மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்கிய "ஆமாம்" செல்லாது.

சட்டத் தமிழில் இதற்கு "இசைவு" என்றும் ஒரு சொல் உண்டு. எனக்குப் பிடித்த சொல் அதுதான். ஒருவர் மட்டும் இசைய முடியாது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறிதானே?

பழமொழி அப்படிச் சொல்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எதிர்த்துப் போராடவில்லை என்ற காரணத்தாலேயே ஒரு பெண் சம்மதித்தாள் என்று கருதக் கூடாது என்று அதே 63-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த வரி சட்டத்துக்குள் சும்மா வந்து உட்காரவில்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிப் பெண் காவல் நிலையத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக வழக்கு. உடலில் காயமில்லை, எதிர்த்த அடையாளமில்லை என்ற வாதத்தை ஏற்றுக் காவலர்கள் இருவரையும் உச்ச நீதிமன்றம் 1978-இல் விடுவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. எது சம்மதம் என்ற விளக்கம் 2013-இல்தான் எழுத்தில் ஏறியது.

சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பயம் வந்தால் ஓடலாம், அடிக்கலாம், அல்லது உறைந்து போகலாம். மூன்றாவதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, அது தானாக நடக்கிறது. கை கால் விறைத்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கிடந்ததாகச் சொன்னவர்களுக்கு நான் படுக்கையருகே தண்ணீர் கொடுத்திருக்கிறேன். "ஏன் கத்தவில்லை?" என்ற கேள்விதான் அவர்களை அதிகமாக அரித்தது. அது அவர்கள் மீது குற்றமல்ல.

பெண்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், கொஞ்சம் வற்புறுத்தினால் சம்மதிப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

ஆண்கள் விடுதிகளில் அதிகம் வரும் சீட்டு இது. சினிமாவைக் குறை சொல்லித் தப்பித்துவிடலாம். நான் கல்யாணப் பந்தியைத்தான் குறை சொல்வேன். போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை விரித்து வைத்திருப்போம். பரிமாறுகிறவர் விரலிடுக்கு வழியாகச் சாம்பாரை ஊற்றிவிட்டு, "அட, வெட்கப்படாமல் சாப்பிடுங்கள்" என்று நகர்ந்துவிடுவார். விருந்தாளியின் "வேண்டாம்" நம் ஊரில் மரியாதைக்குச் சொல்லும் சொல். இரண்டாம் முறை கேட்காவிட்டால் உபசரிக்கத் தெரியாதவர்கள் என்பார்கள்.

சாம்பார் விஷயத்தில் நஷ்டம் ஒரு சட்டையோடு போகும். உடம்பு விஷயத்தில் அந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வற்புறுத்தி, கெஞ்சி, கோபித்து, "அப்படியானால் உனக்கு என் மேல் அன்பில்லை" என்று நான்கு நாள் பேசாமல் இருந்து வாங்குவது சம்மதமல்ல, சலிப்பு. ஒருவேளை வெட்கத்தில்தான் மறுக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் "சரி" என்று விலகினால் யாருக்கும் கேடு இல்லை. வேண்டுமானால் அவளே பிறகு சொல்வாள், வாய் இருக்கிறது.

வாய்விட்டுக் கேட்டால் எல்லாம் கெட்டுப்போகாதா? எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

தமிழில் இதைக் கேட்கச் சொற்கள் குறைவு என்பது உண்மை. கிடைப்பவை ஒன்று பாடப்புத்தகச் சொற்கள், இல்லையென்றால் கழிவறைச் சுவர்ச் சொற்கள். ஆனால் பெரிய சொற்கள் எதற்கு? "இது பிடித்திருக்கிறதா?", "நிறுத்திவிடவா?", "வேண்டாமென்றால் சொல், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்" என்றால் போதும். கேட்டதும் பதிலுக்குக் காத்திருங்கள். கேட்கும்போதே கை நகர்ந்துகொண்டிருந்தால் அது கேள்வியல்ல, அறிவிப்பு.

முகத்தைப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிட்டதா, தோள் இறுகுகிறதா, பார்வை கதவுப் பக்கம் போகிறதா? ஊசி போடும்போது நோயாளியின் கையைவிட முகத்தைப் பார் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அது இங்கும் பொருந்தும்.

நாங்கள் காதலர்கள். முன்பே நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டுமா?

வேண்டும். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் பத்திரமல்ல இது. அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு என்று முதல் பதிலில் பார்த்தோமே, அந்தக் குறிப்பிட்ட நாளுக்கும்தான். முந்தைய உறவைக் காட்டி இன்றைய சம்மதத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்பதும் 2013 முதல் சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது.

பாதியில் வேண்டாம் என்றால்?

அந்த நொடியே நிறுத்த வேண்டும். "அதற்குப் பிறகு ஆண்களால் கட்டுப்படுத்த முடியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் முடிகிறதல்லவா?

என்னோடு பாண்டிக்கு வந்தாள், அறை எடுக்கவும் ஒத்துக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம்?

பாண்டிக்கு வரவும் அறையில் தங்கவும் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம். கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. கடற்கரைச் சாலையில் நடக்க, படம் எடுத்துக்கொள்ள, வீட்டார் கண்ணில் படாமல் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்க என்று பிள்ளைகள் போவதற்கு ஆயிரம் காரணம். அறையின் சாவியை வாங்கியதால் ஆளின் மேல் உரிமை வந்துவிடாது. டிக்கெட்டும் சாப்பாடும் யார் காசு என்பதும் கணக்கில் வராது.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். பதினெட்டு நிறைந்த, மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிடிபட்டால் அவமானம் என்று பயந்தே பல பெண்கள் அறைக்குள் நடந்ததை வெளியே சொல்லாமல் விடுகிறார்கள். தங்கியது குற்றமல்ல. மீறியதுதான் குற்றம்.

இருவருமே குடித்திருந்தோம். அப்போது யார் மேல் தவறு?

கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். பாண்டியில் சரக்கு மலிவு என்பதால் இந்தச் சீட்டும் மலிவாகவே வருகிறது.

என்ன நடக்கிறது, அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ள முடியாத போதையில் சொன்ன "சரி" சம்மதமாகாது என்று சட்டம் சொல்கிறது. "நானும் போதையில் இருந்தேன்" என்பது தானாக விரும்பிக் குடித்தவருக்குத் தப்பிக்கும் வழியல்ல. நிற்கத் தடுமாறுகிறவர், பேச்சு குழறுகிறவர், வாந்தி எடுத்தவர், தூங்கிவிட்டவர் ஆகியோரிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. மூச்சு அடைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், தோழியையோ தோழனையோ கூப்பிடுங்கள். இரண்டு மடக்கு குடித்துத் தெளிவாக இருப்பவர் வேறு. சந்தேகம் வந்தாலே நாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.

எனக்குப் பதினேழு, அவருக்குப் பத்தொன்பது. இருவருக்கும் விருப்பம்தான். பிறகு ஏன் குற்றம்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாத எவரும் குழந்தை. குழந்தையின் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதே இல்லை. விருப்பம் இருந்தாலும், காதல் உண்மையென்றாலும், அவர் மேல்தான் வழக்கு. அவரது வேலை, படிப்பு, கடவுச்சீட்டு எல்லாம் அதில் சிக்கும். தாலி கட்டினாலும் மாறாது. மனைவிக்குப் பதினெட்டு ஆகவில்லையென்றால் அது பாலியல் வன்கொடுமையே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த எல்லை எப்போதும் பதினெட்டாக இருந்ததில்லை. 1860-இல் பத்து வயது. நெஞ்சு அடைக்கிறதா? 1891-இல் பன்னிரண்டு, 1925-இல் பதினான்கு, 1949-இல் பதினாறு, கடைசியாக 2012-இல் பதினெட்டு. பதினாறு பதினேழு வயதுக் காதல்கள் போக்சோவில் மாட்டுவதைப் பற்றி நீதிபதிகளே கவலைப்பட்டிருக்கிறார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தது. ஆனால் வயதைப் பதினாறாகக் குறைக்க வேண்டாம் என்று 2023-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. எனவே இன்றைய நிலை பதினெட்டுதான். காத்திருப்பதில் எதுவும் குறையாது. காத்திருக்க மறுப்பவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியவரும், அதுவும் லாபமே.

பதினெட்டுக்குக் கீழ் இருந்து கர்ப்பம் என்ற பயம் வந்தால் மருந்துக் கடைக்கும் நாட்டு வைத்தியருக்கும் ஓடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பது உண்மை. ஆனால் நீங்களும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் உங்கள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இருவருக்குமே பதினெட்டு ஆகவில்லை என்றால் வழக்கு வராதே?

வரும். பெரும்பாலும் பையன் மேல் வரும், இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பதினெட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு நடந்தது தெரியவந்தால் காவல் துறையிடம் சொல்வது எனக்கும் சட்டக் கடமை. டின்னில் பெயர் எழுதாதீர்கள் என்று நான் சொல்வது மறைப்பதற்காக அல்ல, சந்தேகத்தைக்கூடக் கேட்க முடியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. நேரே உதவி தேவையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

படம் கேட்டார், நம்பி அனுப்பினேன். இப்போது எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். என் தவறுதானே?

இல்லை. அவருக்கு அனுப்பச் சம்மதித்தீர்கள், ஊருக்கு அல்ல. படம் எடுக்க ஒத்துக்கொண்டு, பிறரோடு பகிர ஒத்துக்கொள்ளாதபோது பகிர்வது குற்றம் என்று நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டுச் சிறை.

பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படம் அனுப்பாதீர்கள், அவரைத் தனியே சந்திக்கப் போகாதீர்கள். அழித்துவிட வேண்டும் போல இருக்கும். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். படத்தில் இருப்பவர் பதினெட்டுக்குக் குறைந்தவரென்றால், அதைக் கைப்பேசியில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நண்பர்கள் குழுவில் வந்து விழுந்த படத்துக்கும் இது பொருந்தும். "நான் எடுக்கவில்லை, வந்தது" என்ற பதில் கைகொடுக்காது.

கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றார், நம்பினேன். இப்போது மாட்டேன் என்கிறார். அது சம்மதமா, ஏமாற்றா?

தொடக்கத்திலிருந்தே மணக்கும் எண்ணம் இல்லாமல் வாக்குக் கொடுத்திருந்தால் அது அதே சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவின் கீழ்க் குற்றம், பத்தாண்டு வரை சிறை. உண்மையாகவே நினைத்திருந்து, வீட்டு எதிர்ப்பாலோ மனம் மாறியோ பின்வாங்கினால் குற்றமாகாது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2019-லும் எடுத்துச் சொன்னது. மனத்துக்குள் இருந்ததை நிரூபிக்க வேண்டியிருப்பதால் இந்த வழக்குகள் இழுக்கும். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

எல்லாம் பெண்களுக்காகவே இருக்கிறது. ஆண்களுக்குச் சம்மதம் இல்லையா?

இருக்கிறது. இதை எழுதிய தம்பி கோபமாக எழுதியிருந்தார், கோபத்தில் நியாயம் உண்டு. பதினெட்டுக்குக் கீழ் என்றால் போக்சோ ஆண், பெண் பார்ப்பதில்லை. வயது வந்த ஆண் பாதிக்கப்பட்டால் புதிய சட்டத்தில் பொருத்தமான பிரிவே இல்லை. இதற்குப் பயன்பட்ட பழைய சட்டத்தின் 377-ஆவது பிரிவை எடுத்தபோது அதற்கு ஈடாக எதுவும் வைக்கவில்லை. இது பெரிய ஓட்டை. காயம், மிரட்டல், அடைத்து வைத்தல் ஆகிய பிரிவுகளில்தான் போக வேண்டியிருக்கிறது.

ஒரே பாலினத்தவர் விருப்பத்தோடு இணைவது 2018 முதல் குற்றமல்ல. அங்கும் கேட்கும் முறை இதேதான். உறைந்து போவது பற்றி மேலே எழுதியது ஆண் உடம்புக்கும் பொருந்தும். உடல் தூண்டப்பட்டதால் மனம் ஒப்பியது என்று ஆகாது. இதைத் தெரியாமல் பல ஆண்டுகள் தன்னையே நொந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு கேட்க வேண்டாமே?

பதினெட்டு நிறைந்த, சேர்ந்து வாழும் மனைவி என்றால் இந்தியச் சட்டம் அதைப் பாலியல் வன்கொடுமை என்று இன்னும் சொல்வதில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் வரும். சட்டம் தண்டிக்காததெல்லாம் சரியானது என்று நினைப்பவர் பெண் பார்க்கப் போகாமல் இருப்பது நல்லது.

பாண்டியில் நடந்தது, வீடு கடலூரில். எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது? முதலில் மருத்துவமனையா?

முதலில் மருத்துவமனை. அரசு, தனியார் எதுவாக இருந்தாலும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று யாரும் சொல்லக் கூடாது. கர்ப்பத் தடுப்பு மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டுக்கும் 72 மணி நேரம் முக்கியம், எவ்வளவு முன்பே போகிறீர்களோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல் போங்கள். உடுத்தியிருந்த துணியைக் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் பூத்துவிடும். குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, அப்போதும் போங்கள். பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்திருக்கிறது. யாராவது முயன்றால் மறுக்கலாம்.

காவல் நிலையம் எதுவாகவும் இருக்கலாம். பாகூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு ஊர் பாண்டி, அடுத்த ஊர் கடலூர் மாவட்டம், வயலுக்கு நடுவே எல்லை. அதனால் "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் இங்கே சுலபமாக வாயில் வரும். நடந்த இடம் எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அவர்கள்தான் உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எழுத வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 112, பெண்களுக்கான உதவிக்கு 181.

கல்லூரியில் யாரிடம் சொல்வது? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகள் மாணவர், மாணவி, திருநர் எல்லாரையும் கருத்தில் கொள்கின்றன. மாணவர் தொடர்பான புகாரென்றால் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பெயர் வெளியிடக் கூடாது என்பது விதி. நடைமுறையில் சில இடங்களில் குழு அறிவிப்புப் பலகையில் மட்டுமே இருக்கிறது, அதிலும் ஓய்வு பெற்றுப் போனவர் பெயரோடு. ஒரு கல்லூரியில் அந்தப் பலகையை நானே படம் எடுத்து முதல்வரிடம் காட்டினேன். மறுமுறை போனபோது புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்ட பிறகு, முன்பு நான் செய்தது தவறோ என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

எட்டாக மடித்து வந்த சீட்டு இது. எழுதியவர் ஆண் என்று கேள்வியின் மறுபக்கத்தில் இருந்த நான்கு வரிகளில் தெரிந்தது. தோன்றியது நல்லது, தம்பி. உடனே மன்னிப்புக் கேட்க அவளிடம் ஓடாதீர்கள். "மன்னித்துவிட்டேன் என்று சொல்" என்பது அவளிடம் நீங்கள் வைக்கும் இன்னொரு வேண்டுகோள், பந்தி இலை விவகாரம்தான் மறுபடியும். அவளாகப் பேச வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், காரணம் சொல்லாதீர்கள். புகார் கொடுக்க நினைத்தால் தடுக்காதீர்கள், நண்பர்களை அனுப்பாதீர்கள். மனச்சுமை தாங்கவில்லையென்றால் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அடுத்த மாதம் அதே கல்லூரிக்குப் போனபோது அதே கையெழுத்தில் இன்னொரு சீட்டு: "சிஸ்டர், ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாள். இப்போது என்ன செய்யட்டும்?"

ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் பதில் சொல்லியாகிவிட்டது.